ஆணி வளைகிறது, ஊசி ஏன் ஒடிகிறது?

குட்டி விஞ்ஞானியே, வா! இன்றைக்கு உன் வீட்டிலிருந்து இரண்டே சாமான் எடுத்துக்கொள்வோம். கருவிப் பெட்டியிலிருந்து ஓர் ஆணி. தையல் பெட்டியிலிருந்து ஓர் ஊசி.

சுவரில் ஆணி அடிக்கும்போது சுத்தியல் கொஞ்சம் தவறினால் ஆணி என்ன ஆகும்? வளைந்துவிடும். அப்பா அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிப்பார். பாட்டி தடித்த துணி தைக்கும்போது ஊசி மாட்டிக்கொண்டால்? கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விட்டதும் தானாக நிமிரும். அதையும் மீறி அழுத்தினால் டக்கென்று ஒடிந்துபோகும்.

இரண்டும் இரும்புதானே, ஏன் இப்படி? இந்தக் கேள்வி உன் மனதில் எழுந்ததா? சபாஷ்! இதற்குப் பதில் சொல்லவே ஒரு பெரிய தொழில் இருக்கிறது. அதன் பெயர் ஹீட் ட்ரீட்மென்ட். உலோகத்தைச் சூடாக்கி, சொன்ன வேகத்தில் ஆறவைத்து, அதன் குணத்தையே மாற்றுகிற வேலை.

முதலில் ஒரு சின்ன விஷயம். சுத்தமான இரும்பை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. அதில் கொஞ்சம் கரியும் கலந்திருக்கும். நூறு கிராம் ஆணியில் பத்தில் ஒரு கிராம் அளவுக்குக் கரி இருக்கலாம். நூறு கிராம் ஊசியில் ஏறக்குறைய ஒரு கிராம். இப்படிப் பதமாகக் கரி சேர்ந்த இரும்புக்கு எஃகு என்று பெயர்.

ஆனால் கரி மட்டும் காரணம் இல்லை. அதே ஊசியை ஆணி மாதிரி வளைய வைக்க முடியும்! நம்ப முடியவில்லையா? உன் அறிவியல் ஆசிரியரிடம் மூன்று தையல் ஊசிகளைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல். நீ தனியாகச் செய்யவே கூடாது. ஒடிகிற ஊசித் துண்டு கண்ணில் தெறிக்கும். ஆசிரியரும் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசியைத் துணியில் சுற்றித்தான் ஒடிக்க வேண்டும்.

முதல் ஊசியைக் குறடால் பிடித்து அடுப்புச் சுடரில் சிவக்கக் காய்ச்சுகிறார். பிறகு சுடரிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக மேலே தூக்குகிறார். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மெல்லிய ஊசி காற்றிலேயே சட்டென்று ஆறிவிடும். ஆறியதும் வளைத்துப் பார்க்கிறார். அட! ஊசி கம்பி மாதிரி வளைந்து, வளைந்தபடியே நிற்கிறது.

இரண்டாவது ஊசியையும் அதே மாதிரி சிவக்கக் காய்ச்சி, அப்படியே தண்ணீரில் போடுகிறார். 'சுர்' என்ற சத்தம். இப்போது அதை லேசாக வளைத்தாலே போதும், உடைந்துவிடுகிறது. வளைந்தே கொடுக்காது.

மூன்றாவதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்கிறார். பிறகு சுடருக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, இளஞ்சூடாக, நீல நிறம் வரும்வரை மட்டும் காட்டுகிறார். இந்த ஊசி வளையும், விட்டதும் நிமிரும். பாட்டியின் பழைய ஊசி மாதிரியே!

மூன்று ஊசியும் ஒரே பாக்கெட். எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. சிவக்கக் காய்ச்சிய சூடும் மூன்றுக்கும் ஒன்றுதான். பிறகு ஆறிய விதமும், மறுபடி காட்டிய இளஞ்சூடும்தான் வேறு. இதை மனதில் நன்றாகப் பிடித்துக்கொள். இனி வருவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

உன் வகுப்பறையை நினைத்துக்கொள். பெஞ்சுகள்தான் இரும்பு அணுக்கள். ஒண்ணாம் வகுப்புப் பொடிசுகள்தான் கரி அணுக்கள். சாதாரண நேரத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நிறைய சந்துகள் உண்டு. ஆனால் எல்லாமே குறுகிய சந்துகள். பொடிசுகளால்கூட நுழைய முடியாது.

சூடு ஏறுகிறது. 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மணி அடிக்கிறது! பெஞ்சுகள் வேறு வரிசைக்கு மாறுகின்றன. மொத்தத்தில் பெஞ்சுகள் முன்பைவிட நெருங்கித்தான் நிற்கின்றன. ஆனால் இப்போது சந்துகள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. பொடிசுகள் ஓடிப்போய் அவற்றில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இப்போது மெதுவாக ஆறவிட்டால், பெஞ்சுகள் பழைய இடத்துக்குத் திரும்புமுன் பொடிசுகளுக்கு வெளியே வர நேரம் கிடைக்கிறது. தனி வரிசையாக நின்றுகொள்கிறார்கள். அது மெத்தென்ற எஃகு.

தண்ணீரில் போட்டால்? கண் மூடித் திறப்பதற்குள் பெஞ்சுகள் திரும்பப் பார்க்கின்றன. பொடிசுகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்! பெஞ்சுகள் கோணலாக, இறுகி நிற்கின்றன. எதுவும் நகர முடியாது.

இங்கே கொஞ்சம் நில். உலோகம் வளைகிறது என்றால் உள்ளே ஒரு வரிசை அடுத்த வரிசையின் மேல் வழுக்கிப் போகிறது என்று அர்த்தம். வழுக்கவே விடாமல் மாட்டிக்கொண்ட பொடிசுகள் தடுத்தால் அதுதான் கடினம். ஆனால் துளிகூட விட்டுக்கொடுக்காத பொருள் ஒரே அடியாக உடையும். அதனால்தான் இரண்டாவது ஊசி ஒடிந்தது. மூன்றாவது ஊசியில் இளஞ்சூடு கொடுத்தோமே, அப்போது சில பொடிசுகள் நழுவி வெளியே வந்துவிட்டார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. புரிகிறதா? புரியாவிட்டால் பரவாயில்லை, இந்தப் பகுதியை இன்னொரு தடவை படி. நான் காத்திருக்கிறேன்.

இந்த அணுக் கதை தெரியாமலே நம் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் இதைத் தோய்ச்சல் போடுவது என்பார்கள். மாமல்லபுரத்தில் கல் சிற்பம் செதுக்கும் இடங்களில் உளி முனை அடிக்கிற சிறு உலையைப் பார்க்கலாம். கருங்கல்லைக் கொத்தினால் உளியின் முனை சீக்கிரமே மழுங்கும். உலையில் முனையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுப்பார்கள். உளியின் உடம்பில் சூடு இன்னும் இருக்கும். முனையை அவசரமாக ஒரு கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கண் கொட்டாமல் பார்ப்பார்கள்.

எதைப் பார்க்கிறார்கள் தெரியுமா? நிறத்தை! உடம்பிலிருக்கும் சூடு முனையை நோக்கி நகர்ந்து வரும். கூடவே ஒரு வண்ணக் கோடும் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் நிறம், அது சுமார் 220 டிகிரி. அடுத்து பழுப்பு. பிறகு ஊதா. 300 டிகிரிக்குப் பக்கம் நீலம். வேண்டிய நிறம் முனையைத் தொட்டதும் மொத்த உளியையும் தண்ணீரில் முக்கிவிடுவார்கள். ஒரு நொடி தாமதித்தால் நிறம் தாண்டிப்போய்விடும், முனை மெத்தென்று ஆகிவிடும்.

இந்த நிறம் சாயம் இல்லை. சூட்டில் எஃகின் மேல் துரு மாதிரியான மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அதன் மேல்பக்கமும் அடிப்பக்கமும் பட்டுத் திரும்புகிற ஒளி சேர்ந்து வண்ணம் காட்டுகிறது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதற்கும் காரணம் இதேதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர். ஃபாரடேயும் இளம் வயதில் எஃகைப் பற்றி ஆராய்ந்தார். 1819, 1820 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து போன வூட்ஸ் என்னும் எஃகை அவர் பரிசோதித்தார். தென்னிந்தியாவில் உருக்கிய அந்த எஃகு அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்தது. எஃகை மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை 1860களில்தான் வந்தது. ஷெஃபீல்டு நகரத்தின் ஹென்றி சார்பி அதைச் செய்தார். பிறகுதான் எஃகின் உள்ளே வெவ்வேறு அமைப்புகள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, இப்போது தொழிற்சாலைக்குப் போவோம். சென்னை அம்பத்தூரிலும், கோவையிலும், ஓசூரிலும் இந்த வேலைக்கென்றே பட்டறைகள் உண்டு. பைக்கின் கியர், காரின் போல்ட், பம்பின் தண்டு எல்லாம் இங்கே வந்து சூடு பட்டுத்தான் போகும்.

ஃபர்னஸ் என்னும் உலை முன்னால் நிற்கும் ஆபரேட்டர் அண்ணனைப் பார். முகத்துக்கு மறைப்பு, நீளக் கையுறை, பருத்திச் சட்டை. பாலியஸ்டர் சட்டை போட மாட்டார், ஏனென்றால் தீப்பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையில் ஜாப் கார்டு. என்ன எஃகு, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எதில் ஆறவைப்பது, கடைசியில் எவ்வளவு கடினம் வர வேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

கார்டில் எழுதியிருப்பதும் வந்திருப்பதும் ஒரே எஃகுதானா? பார்க்க எல்லா இரும்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு பீஸைச் சாணைச் சக்கரத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். கரி குறைந்த எஃகில் தீப்பொறிகள் நீளக் கோடுகளாகப் போகும். கரி கூடினால் பொறிகள் நுனியில் வெடித்துக் கிளை கிளையாகப் பிரியும். பழகிய கண்ணுக்கு அதுவே போதும்.

அடுத்து, பீஸ்களைக் கூடையில் அடுக்குவது. இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதே. என்னைக் கேட்டால் பாதித் திறமை இங்கேதான் இருக்கிறது. பீஸ்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டால் நடுவில் ஆறவைக்கும் எண்ணெய் புகாது, அந்த இடம் மட்டும் கடினமாகாது. நீளமான தண்டுகளைப் படுக்கவைத்தால் சூட்டில் தம் எடையாலேயே தொய்ந்துவிடும். அதனால் அவற்றைச் செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள்.

கார்டில் 850 டிகிரி என்று இருந்தால், ஃபர்னஸுக்குள் அது வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? சாதாரணத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் உருகிவிடும். அதற்குத் தெர்மோகப்பிள் இருக்கிறது. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்துச் சூடாக்கினால் ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவை 1821இல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் சீபெக் கண்டுபிடித்தார். பட்டறைகளில் அதிகம் புழங்கும் 'கே' வகைக் கம்பி 900 டிகிரியில் தருவது சுமார் 37 மில்லிவோல்ட். டார்ச்சில் போடும் ஒரு பேட்டரியில் இருப்பது 1,500 மில்லிவோல்ட். அந்தத் துளியைத்தான் கருவி டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது.

மீட்டர் 850 காட்டியதும் எடுத்துவிடலாமா? கூடாது. மீட்டர் காட்டுவது ஃபர்னஸின் சூடு. இரும்பின் நடுப்பகுதி இன்னும் காயவில்லை. அதனால் ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இதைச் சோக்கிங் என்பார்கள்.

பிறகு வருகிறது பரபரப்பான கட்டம். கதவு திறக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும் கூடை வெளியே வருகிறது. சில நொடிகளுக்குள் அது எண்ணெய்த் தொட்டிக்குள் முழுதாக மூழ்கிவிட வேண்டும். பாதி மூழ்கி நின்றால் எண்ணெய் தீப்பற்றும்.

ஏன் எண்ணெய்? தண்ணீர் கிடைக்காமலா? கேட்கத் தோன்றியதா, நல்லது! தண்ணீர் மிக வேகமாக ஆறவைக்கும். எண்ணெய் கொஞ்சம் நிதானம். எஃகு வகையைப் பார்த்து எது வேண்டும் என்று முடிவு செய்வார்கள். வேகம் குறைந்தால் கடினம் வராது. கூடினால் விரிசல் விடும்.

தண்ணீரில் ஒரு வேடிக்கையும் உண்டு. தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடும், பார்த்திருக்கிறாயா? துளிக்கு அடியில் நீராவி மெத்தை ஒன்று இருக்கும், அதனால் துளி கல்லைத் தொடவே தொடாது. பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் போட்டாலும் முதலில் இதேதான் நடக்கிறது. இரும்பைச் சுற்றி நீராவிப் போர்வை மூடிக்கொள்ளும். அது கிழிந்து தண்ணீர் இரும்பைத் தொட்டுக் கொதிக்கும்போதுதான் சூடு வேகமாக இறங்கும். அதனால்தான் ஆபரேட்டர் பீஸை உள்ளே ஆட்டுவார், அல்லது தொட்டியைக் கலக்கிவிடும் விசிறி ஓடும்.

ஆபரேட்டர்கள் மிகவும் பயப்படும் ஒன்று, எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் சேர்வது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பழுத்த இரும்பு உள்ளே போனதும் அது ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கும் மேலான நீராவி ஆகிவிடும்! எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். கூரை ஒழுகுகிறதா, குளிர்விக்கும் குழாய் கசிகிறதா என்று அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

மூழ்கி எழுந்த பீஸ் இப்போது இரண்டாவது ஊசியின் நிலையில் இருக்கிறது. கடினம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் உடையலாம். சில சமயம் மேசையில் சும்மா வைத்திருக்கும்போதே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஆபரேட்டரின் முகம் சுருங்கிவிடும். எங்கோ விரிசல் விட்டுவிட்டது! வெளிப்பக்கம் முதலில் ஆறி இறுகிவிடும். உள்பக்கம் பிறகு இறுகும்போது கொஞ்சம் பருக்கும். அந்த இழுவை தாங்காமல் தோல் பிளந்துவிடுகிறது. அதனால் தாமதிக்காமல் டெம்பரிங் ஃபர்னஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எஃகைப் பொறுத்து 150 முதல் 650 டிகிரி வரை. நம் மூன்றாவது ஊசிக்குக் காட்டிய இளஞ்சூடுதான் இது.

கடைசியில் கடினம் அளக்கும் அக்காவிடம் வருகிறோம். அவர் மேசையில் ராக்வெல் இயந்திரம். அமெரிக்காவில் ஒரு பால்பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் இதற்கு 1914இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கூம்பு வடிவ வைரம் ஒன்றை 10 கிலோ எடையில் மெல்ல அழுத்தி, பிறகு 150 கிலோவுக்கு ஏற்றி, மறுபடி 10க்கு இறக்குவார்கள். எவ்வளவு ஆழமாகப் பள்ளம் விழுந்தது என்பதுதான் கணக்கு. பள்ளம் 0.002 மில்லிமீட்டர் ஆழமானால் கடின அளவில் ஒரு புள்ளி குறையும். உன் தலைமுடியின் பருமன் சுமார் 0.07 மில்லிமீட்டர், அதோடு ஒப்பிட்டுப் பார்!

பைக் கியருக்கு வேறொரு தந்திரம். அதன் பல்லின் மேல்தோல் தேயக்கூடாது, உள்பக்கம் அதிர்ச்சி தாங்க வேண்டும். அதனால் கரி குறைந்த எஃகில் கியர் செய்து, 900 டிகிரிக்கு மேல் கரி நிறைந்த வாயுவுக்குள் பல மணி நேரம் வைப்பார்கள். கரி மேல்தோலில் மட்டும் ஊறும், ஒரு மில்லிமீட்டர் போல. பிறகு எண்ணெய்யில் முக்கினால் தோல் மட்டும் கடினமாகும்.

பிளாஸ்டிக்குக்கும் இந்த வேலை உண்டு என்றால் ஆச்சரியப்படுவாய். ஆனால் அங்கே நோக்கம் நேர் எதிர். இறுக்குவதற்கு அல்ல, இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு.

கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் உன் பிளாஸ்டிக் ஸ்கேலை எடு. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துக்கொள். வீட்டில் யாரிடமாவது போலராய்டு கறுப்புக் கண்ணாடி இருந்தால் வாங்கி, அதன் வழியாகத் திரையைப் பார்த்தபடி கண்ணாடியைச் சுற்று. ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். அப்படியே பிடித்துக்கொண்டு, நடுவில் ஸ்கேலை நீட்டு. வானவில் கோடுகள் தெரிகின்றனவா?

அந்தக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உள்ளுக்குள் இழுபட்டு நிற்கிறது. சூடான பிளாஸ்டிக்கைக் குளிர்ந்த அச்சுக்குள் வேகமாக அழுத்தும்போது வெளித்தோல் முதலில் உறைந்துவிடும். உள்ளே இருக்கும் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபட்டபடியே உறைந்துவிடும். ஸ்கேலுக்கு அது போதும். ஆனால் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் கடைந்து செய்த கருவிப் பாகமானால், அதன் மேல் ஸ்பிரிட் பட்டாலே மயிரிழை விரிசல்கள் ஓடும்.

அதனால் அதை 80 டிகிரி அளவில் காற்று அடுப்பில் சில மணி நேரம் வைப்பார்கள். 100ஐத் தாண்டினால் பாகமே தொய்ந்துவிடும், எனவே இங்கே மீட்டரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வழியாகச் சூடு மிக மெதுவாகத்தான் போகும், அதனால் பருமன் கூடினால் நேரமும் கூடும். பிறகு ஆறவைப்பது. இரும்பில் சில நொடிகளுக்குள் முக்கிவிடத் துடித்த அதே ஆபரேட்டர், இங்கே 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அடுப்புக் கதவைத் திறக்கவே மாட்டார்.